எங்கிருந்து எடுக்கிறீர்கள்?



தீபாவளி போனஸ் கைக்கு வந்த வீடுகளில் இந்நேரம் ஒரு அட்டைப்பெட்டி பிரிக்கப்பட்டிருக்கும். இண்டக்‌ஷன் அடுப்போ, ஓவனோ, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷினோ. தெர்மாகோலை உருவிப் போட்டு, வாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்தி, மேடையில் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. அப்புறம்தான் யாராவது ஒருவர் கேட்பார்: “எல்லாம் சரி, பிளக்கை எங்கே சொருகுறது?”

நம்மில் பலர் குடியிருக்கும் வீடுகளைக் கட்டியபோது சமையலறை என்றால் ஒரு லைட், ஒரு மிக்ஸி பாயின்ட், அதற்கு மேல் வைத்தால் ஆடம்பரம். பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, தண்ணீர் ஃபில்டர் வந்தது, கிரைண்டர் மேஜைமேல் ஏறியது, செல்போன் சார்ஜர் வந்தது. சுவரில் இருக்கிற பாயின்ட் மட்டும் பெருகவே இல்லை. அந்தப் பற்றாக்குறையை நாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகி, அதில் மூன்று வாய் உள்ள அடாப்டரை மாட்டி, மைக்ரோவேவுக்குப் பின்னால் மறைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை இந்த ஒரு விஷயத்துக்கே கொடுக்கலாம் என்று தோன்றியது. போனஸ் ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழை இன்னொரு காரணம். சுவர் ஓதமேறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பழைய வயரிங் தன் வயதைக் காட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருக்கிற வீட்டில் கூடுதலாக ஒரு பாயின்ட் வைப்பது தப்பே இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை அடுக்குவதைவிட அதுதான் சரியான வழி. சுவரில் பெட்டியைப் பதித்து, ஒரு சுவிட்சும் சாக்கெட்டும் மாட்டுவது அரை மணி நேர வேலை. கடையில் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் அந்தப் பகுதி முடிந்தது. நாம் முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் புது பாயின்ட்டுக்குக் கரண்டை எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள்?

சென்ற கோடையில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு பவர் பாயின்ட் வேண்டும். பக்கத்திலேயே மிக்ஸி போர்டு இருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் வயர் இழுத்தால் போதும் என்பது வீட்டாரின் கணக்கு. எங்கள் தெருவுக்கே வயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் வந்தார். மெயினை அணைத்துவிட்டு, போர்டின் திருகுகளைக் கழற்றி, முகத்தகட்டை முன்னால் இழுத்தார். உள்ளே சிமென்ட் தூள், ஒரு கரப்பான் முட்டை, நாலைந்து வயர். அதில் சிவப்பு வயர் ஒன்றின் நுனியில் உறை சுருங்கி, காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. திருப்புளியை அந்தத் திருகில் வைத்தார். அழுத்தமே கொடுக்காமல் ஒரு முழுச் சுற்று சுற்றியது. “பாருங்கம்மா, சும்மா சுத்துது. லூஸ் கான்டாக்ட். இங்கதான் சூடு ஏறியிருக்கு” என்றார்.

பிறகு லைன்கள் பிரியும் டிபி பெட்டியில், சுமை மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றி, எது அணைகிறது என்று பார்த்து வந்தார். ஹால் லைட், ஹால் ஃபேன், சமையலறை லைட், மிக்ஸி பாயின்ட் எல்லாம் ஒரே லைன். “இது லைட் லைன்மா. இதுலேர்ந்து பவர் பாயின்ட் எடுத்தா இன்னிக்கு எரியும், நாளைக்கும் எரியும். சித்திரை மாசம் வயர் எரியும்.”

அவர் சொன்னதன் கணக்கு எளிமையானது. பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வாட்ஸ் போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 750 வாட்ஸ் மிக்ஸிக்குச் சுமார் 3.3 ஆம்பியர். 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3. வாளியில் போடும் 1500 வாட்ஸ் ஹீட்டருக்கு 6.5. 2000 வாட்ஸ் இண்டக்‌ஷனுக்கும் அதே வாட்ஸ் கீசருக்கும் 8.7. நம் வீட்டுச் சாக்கெட்டுகள் இரண்டே வகை: சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழக்கத்தில் ஐந்து, பதினைந்து என்றும் சொல்வோம். ஆக, இண்டக்‌ஷனும் கீசரும் சின்னதில் ஏறவே கூடாத சாமான்கள். அதற்காகத்தான் அவற்றின் பிளக்கைப் பெரிதாகச் செய்து அனுப்புகிறார்கள். பெரிய பிளக்கைச் சின்னச் சாக்கெட்டில் நுழைக்க ஒரு கன்வெர்ட்டர் எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. ஒரு நல்ல தடுப்பை மிகக் குறைந்த விலைக்கு உடைத்துக் கொடுக்கும் பொருள் அது. எனக்கு அதன்மேல் தனிக் கோபமே உண்டு.

சாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது அதைவிட முக்கியம். நம் நாட்டு வயரிங் நெறிமுறைப்படி ஒரு லைட் லைனில் லைட், ஃபேன், சின்னச் சாக்கெட் எல்லாம் சேர்த்துப் பத்து பாயின்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்தச் சுமை 800 வாட்ஸுக்குள். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே அதைப் போல் இரண்டரை மடங்கு! லைட் லைனில் ஓடுவது பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். பவர் பாயின்ட்டுக்குக் குறைந்தது 2.5 வேண்டும். ஏசி போன்ற பெரிய சாமானுக்கு 4 போடுவார்கள். வயரில் ஏறும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப உயரும். 5 ஆம்பியர் போன வயரில் 10 ஆம்பியர் போனால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதுவும் பூச்சுக்குள் புதைந்த பைப்பில், காற்றே படாத இடத்தில். உறை ஒரே நாளில் உருகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து, வெடித்து, ஒரு நாள் இரண்டு வயரும் ஒட்டிக்கொள்ளும்.

“அதற்குத்தான் எம்சிபி இருக்கிறதே” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது, சரியான அளவில் இருந்தால். அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 20 போட்ட வீடுகள் எத்தனை! பழைய பியூஸ் கட்டையில் கையில் கிடைத்த கம்பியை இரண்டு மூன்று இழையாகச் சுற்றிய வீடுகள் எத்தனை! சுவருக்குள் இருக்கும் வயர் அப்படியே இருக்க, காவல்காரரை மட்டும் தூங்கவைக்கிற வேலை அது. இதில் ஒரு சரித்திரத் துணுக்கும் உண்டு. நம் குண்டுமுள் பிளக் பிரிட்டன்காரர்கள் வழியாக வந்தது. அவர்கள் 1947-இல் பிளக்குக்குள்ளேயே பியூஸ் வைத்த சதுரமுள் வகைக்கு விதி எழுதி மாறிவிட்டார்கள். நாம் குண்டுமுள்ளிலேயே நின்றுவிட்டோம். ஆகவே நம் பிளக்குக்குள் பியூஸ் கிடையாது. டிபியில் இருக்கும் அந்த எம்சிபிதான் எல்லாம்.

எங்கள் வீட்டில் கடைசியில் டிபியிலிருந்தே தனி லைன் வந்தது. 2.5 சதுர மில்லிமீட்டரில் பேஸும் நியூட்ரலும், கூடவே எர்த். சுவரைக் கொத்த மனமில்லாததால் மேலே கேசிங் அடித்து இழுத்தார். அழகு கொஞ்சம் குறைவுதான். செலவும் முதலில் நினைத்ததைவிட அதிகம். ஆனால் அந்த லைனில் வேறு எதுவும் இல்லை, அதற்கென்று தனி எம்சிபி. வெறும் சார்ஜருக்கோ டேபிள் லேம்புக்கோ என்றால் இவ்வளவு தேவையில்லை. பக்கத்து போர்டிலிருந்தே லூப் எடுக்கலாம், அந்த லைனில் ஏற்கெனவே எத்தனை பாயின்ட் என்று எண்ணிப் பார்த்துவிட்டு.

யார் செய்வது என்பதில் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் இவற்றை இருந்த இடத்தில், இருந்த அளவிலேயே மாற்றுவதை விதி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இருக்கிற வயரிங்கோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதை, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்றிதழ் உள்ளவரும்தான் செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளிலும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் கம்பியாளர்களுக்கும் கம்பியாளர் உதவியாளர்களுக்கும் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் தருகிறார்கள். வருகிறவரிடம் “சர்டிபிகேட் இருக்கா தம்பி?” என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளவர் சந்தோஷமாகவே காட்டுவார். ஈபிக்காரர்களின் பொறுப்பு மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் நாம்தான்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்களே திருப்புளியை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை செய்பவர் பக்கத்தில் நின்று, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். நான்கைந்து இடங்களில் கண்ணை வைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் மோசமானது எர்த்தை நியூட்ரலாக்கும் குறுக்குவழி. சுவிட்ச் போர்டில் சில சமயம் பேஸ் மட்டும் இருக்கும், நியூட்ரல் வந்திருக்காது. நியூட்ரலைத் தேடிப் போவது வேலை. பச்சை வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பேஸை இங்கிருந்தும் மற்றதை எர்த்திலிருந்தும் எடுத்தால் பல்பு ஜோராக எரியும். வீட்டாரும் “முடிஞ்சிடுச்சு” என்று காசைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து, கரண்டே போகக் கூடாத வயரில் கரண்ட் ஓடுகிறது. எர்த் கம்பி எங்காவது துருப்பிடித்து அறுந்தால் ஃபிரிட்ஜின் கதவு, கிரைண்டரின் உடம்பு, கீசரின் குழாய் என்று அந்த எர்த்தோடு சேர்ந்த இரும்பெல்லாம் உயிர்பெற்றுவிடும். ஈரக்கையோடு தொடுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆர்சிசிபி என்ற கசிவு பிரேக்கர் உள்ள வீட்டில் இந்தக் குறுக்குவழி நடக்காது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்; 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அப்போது சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? “இந்த பிரேக்கர் சும்மா சும்மா விழுதுங்க” என்று அதை பைபாஸ் செய்துவிட்டுப் போகிறார்கள். புது பாயின்ட் வைத்த பிறகு ஆர்சிசிபி விழ ஆரம்பித்தால் பழுது அநேகமாக அந்தப் புது வேலையில்தான். ஒரு லைனின் பேஸையும் வேறொரு லைனின் நியூட்ரலையும் சேர்த்திருந்தாலும் சில இணைப்புகளில் இப்படி விழும்.

பழைய வீடுகளில் எர்த்தே இல்லாத போர்டுகள் உண்டு. மூன்று துளைச் சாக்கெட்டை மாட்டி, மேல் துளையை வெறுமனே விட்டிருப்பார்கள். பார்ப்பதற்குக் குறையே தெரியாது. பிளக்கில் எர்த் முள்ளை மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விட வேண்டும். அந்தத் துளைக்குப் பின்னால் பச்சை வயர் இருக்கிறதா, அது வீட்டுப் பக்கவாட்டில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் பைப் வரை போகிறதா என்று கேளுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். சுவிட்ச் எப்போதும் பேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் வந்தாலும் சாமான் அணையும், ஆனால் சாக்கெட்டுக்குள் பேஸ் காத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது நம் ஊர் வீடுகளுக்கே உரிய கண்ணி. 2012-ஐ ஒட்டிய வருடங்களின் மின்வெட்டு நினைவிருக்கும். அப்போது வீட்டுக்கு வீடு வந்த இன்வெர்ட்டர்கள் இன்றும் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கின்றன. மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் என்ன நினைக்கும்? கரண்ட் போய்விட்டது என்று. உடனே தன் லைனுக்கெல்லாம் 230 வோல்ட்டைக் கொடுக்க ஆரம்பிக்கும். மெயின் ஆஃப் என்ற தைரியத்தில் போர்டுக்குள் கை விடுகிறவருக்கு அது தெரியாது. மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியே போகும் லைனைத் துண்டித்த பிறகுதான் வேலை. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில். மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். எரியாத டெஸ்டர் கெட்டுப்போன டெஸ்டராகவும் இருக்கலாம் அல்லவா?

த்ரீ பேஸ் வீடு என்றால் இன்னும் கவனம். சமையலறை ஒரு பேஸிலும் ஹால் இன்னொரு பேஸிலும் இருக்கக்கூடும். இரண்டு அறைகளின் வயர்களும் ஒரே பெட்டியில் சந்தித்தால் அங்கே 230 இல்லை, சுமார் 400 வோல்ட்.

பைப்புக்குள் ஜாயின்ட் கூடாது. வயர் பற்றாமல் போனால் முறுக்கி டேப் சுற்றிப் பைப்புக்குள் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. ஜாயின்ட் இருந்தால் அது திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். உங்கள் வீடு அலுமினிய வயர் காலத்தது என்றால், அதோடு புதுச் செம்பு வயரை வெறுமனே முறுக்கவிடாதீர்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிக்கும், சூடாகும், தளரும். அப்படிப்பட்ட வீட்டில் கூடுதல் பாயின்ட்டைப் பற்றி யோசிப்பதைவிட லைனையே மாற்றுவதைப் பற்றி யோசிப்பது நல்லது. வயரின் நுனியைச் சீவும்போது இழைகள் அறுந்து விழுகின்றனவா என்றும் பாருங்கள். திருகுக்குள் நுழையவில்லை என்று நாலு இழையைக் கத்தரித்துவிட்டால், 2.5 வயருக்கு நீங்கள் கொடுத்த காசு அந்த இடத்தில் வீண்.

குளியலறைக்குள் சாக்கெட் கேட்காதீர்கள். கீசருக்கு மட்டும், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், சுவிட்சை வெளியே வைத்து. பால்கனியில் வாஷிங் மெஷின் என்றால் மூடியுள்ள, மழைக்குத் தாங்கும் பெட்டி.

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனை உடனே அனுப்பிவிடாதீர்கள். காப்பி கொடுத்து உட்காரவையுங்கள். புது பாயின்ட்டில் அந்தப் புதுச் சாமானை முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கை உருவி அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, கருகல் வாசனையோ வந்தால் போர்டை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அவர் எதிரிலேயே டிபியில் புது எம்சிபிக்கு நேரே எந்த பாயின்ட் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவர் உங்கள் வீட்டை இருட்டாக்கித் தேட வேண்டியிருக்காது.

இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். டிபியின் மூடியைத் திறந்து, எம்சிபிகளுக்கு நடுவே கொஞ்சம் அகலமாக, ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சின்னப் பித்தான் உள்ள சாதனம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ஆர்சிசிபி. ஈஎல்சிபி என்ற பழைய பெயரிலும் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டரில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் சொல்லிவிட்டு, அந்தப் பித்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பொம்மை, மாற்றச் சொல்லுங்கள். அப்படியொரு சாதனமே இல்லையென்றால் புது பாயின்ட்டுக்கு முன்னால் அதைப் போடுங்கள். எம்சிபி வயரைக் காப்பாற்ற வைத்தது. ஓர் ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அதன் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆளைக் காப்பாற்றுவதற்கென்று டிபியில் இருப்பது இது ஒன்றுதான். அதுகூட ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை அறியாது.

வீட்டு வயரிங் பற்றிய உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். பதில் சொல்ல மின் பொறியாளர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். எழுதும்போது வீடு கட்டிய வருடத்தையும், இன்வெர்ட்டர் உண்டா என்பதையும், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று இப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

தீபாவளி வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்